மூலம்னு நினைச்சு விட்டுடாதீங்க: குடல் கேன்சர்ல நாம பண்ற தப்புகள்

மோஷன்ல ரத்தம் வந்தா நம்ம ஊர்ல முதல்ல வாயில வர்றது மூலம், இல்லன்னா உடம்பு சூடு. உடனே துத்திக்கீரை, கருணைக்கிழங்கு, மெடிக்கல் ஷாப்ல ஒரு ஆயின்ட்மென்ட்னு மாசக்கணக்கா ஓட்டிடுவோம். நிறைய பேருக்கு அது நெஜமாவே பைல்ஸாதான் இருக்கும், அதுதான் சிக்கலே, ஏன்னா பைல்ஸ் இருக்கறவங்களுக்கு குடல்ல கட்டி வராதுன்னு எந்த சட்டமும் இல்ல, ரெண்டும் ஒண்ணா இருக்கலாம். டாக்டர் விரல் விட்டு பாக்கணும்னு சொன்னா கூச்சப்பட்டு எழுந்து வராதீங்க. மலக்குடல்ல கீழ இருக்கற கட்டி சிலது அந்த ஒரு நிமிஷத்துலயே கைக்கு தட்டுப்படும்.

இன்னொரு பக்கம், ரத்தமே கண்ணுக்கு தெரியாம வர்ற கேஸும் உண்டு. பெருங்குடலோட வலது பக்கம் கட்டி இருந்தா உள்ளயே கொஞ்சம் கொஞ்சமா கசியும், ஆள் சோர்ந்து போவார், ஹீமோகுளோபின் குறையும், நாமளும் பேரீச்சம்பழம், இரும்புச்சத்து மாத்திரைனு குடுத்துட்டு இருப்போம். ஆம்பளைக்கோ, பீரியட்ஸ் நின்னு போன பொம்பளைக்கோ காரணமே இல்லாம இரும்புச்சத்து குறைஞ்சா வயித்தையும் குடலையும் பாத்தே ஆகணும். மாத்திரையில ஏறுதேன்னு நிம்மதியா இருந்துடக்கூடாது.

அடுத்தது டெஸ்ட் குழப்பம். "எனக்கு எண்டோஸ்கோபி பாத்தாச்சு, நார்மல்"னு சொல்வாங்க, ஆனா அது வாய் வழியா போய் இரைப்பை வரைக்கும், அதுக்கு கொஞ்சம் கீழ வரைக்கும் பாக்கறது, பெருங்குடலுக்கு பின்பக்கமா போற கொலனோஸ்கோபிதான். மாஸ்டர் செக்கப் பேக்கேஜ்ல வர்ற சி.இ.ஏ.ங்கற கேன்சர் மார்க்கர் ரத்த டெஸ்ட்டும் கேன்சர் இல்லன்னு சர்டிபிகேட் குடுக்காது, ஆரம்ப கட்டத்துல அது பாதி பேருக்கு மேல நார்மலாவே காட்டும். மலத்துல மறைஞ்ச ரத்தம் பாக்கற ஃபிட் டெஸ்ட் நல்லது, விலையும் கம்மி, ஆனா வருஷா வருஷம் எடுக்கணும், பாசிட்டிவ்னு வந்தா "லேப்ல தப்பா வந்திருக்கும், இன்னொரு தடவ எடுப்போம்"னு போகாம நேரா கொலனோஸ்கோபிக்கு போகணும். அதுக்கு முந்தின நாள் குடிக்கற பேதி மருந்தை குமட்டுதுன்னு பாதியில கீழ ஊத்திடறவங்களும் இருக்காங்க, குடல் சுத்தமா இல்லன்னா சின்ன பாலிப் டாக்டர் கண்ணுக்கே படாது, எல்லாம் வேஸ்ட்.

இந்த பாலிப்தான் முக்கியமான விஷயம். குடல் சுவர்ல வர்ற சின்ன சதை வளர்ச்சி, அதுல சிலதுதான் கேன்சரா மாறும், அதுக்கும் பெரும்பாலும் 10 வருஷம் மாதிரி எடுக்கும். கொலனோஸ்கோபில பாக்கும்போதே வெட்டி எடுத்துடலாம், அதனால இது நோயை கண்டுபிடிக்கறது மட்டும் இல்ல, வர விடாம தடுக்கறதும்கூட. அமெரிக்காவுல 2021ல ஸ்கிரீனிங், அதாவது தொந்தரவு எதுவும் இல்லாதவங்களுக்கும் பண்ற பரிசோதனை, ஆரம்பிக்கற வயசை 50லருந்து 45ஆ குறைச்சுட்டாங்க. நார்மலா இருந்தா அடுத்த கொலனோஸ்கோபி 10 வருஷம் கழிச்சு போதும். நம்ம நாட்டு அரசு ஸ்கிரீனிங்ல வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் மூணும்தான் இருக்கு, குடலுக்கு யாரும் கூப்பிட மாட்டாங்க, நாமளாதான் கேக்கணும்.

சுத்த சைவம், எனக்கு வராதுன்னு இருக்கறதும் தப்பு. சாசேஜ், சலாமி மாதிரி பதப்படுத்தின கறியை 2015லயே உலக சுகாதார நிறுவனத்தோட ஆய்வு அமைப்பு கேன்சர் வரவைக்கற பட்டியல்ல சேர்த்தது உண்மை, ஆனா சிகரெட், சரக்கு, தொப்பை, நாள் முழுக்க உக்காந்தே இருக்கறது, பரம்பரை இதெல்லாம் சைவம் அசைவம் பாக்கறதில்ல. ஆன்லைன்ல விக்கற குடல் சுத்தம் பண்ற பவுடர் பத்தி என்ன சொல்ல, காசுக்கு கேடு.

நோய்னு தெரிஞ்சப்புறம் பண்ற பெரிய தப்பு, "கத்தி பட்டா பரவிடும்"னு, கட்டியில சின்ன துண்டு எடுத்து டெஸ்ட் பண்ற பயாப்ஸிக்கும் ஆபரேஷனுக்கும் பயந்து வேற வைத்தியம் தேடி மாசங்களை தொலைக்கறது. குடலை தாண்டாம இருக்கும்போதே பிடிச்சா 5 வருஷம் தாண்டி வாழறவங்க அமெரிக்க கணக்குல சுமார் 90 சதவீதம், தூரமா பரவினா அது 15 பக்கத்துல இறங்கிடுது. முதல் ஸ்டேஜ்ல பெரும்பாலும் ஆபரேஷனோட முடிஞ்சிடும், மூணாவது ஸ்டேஜ்னா கூடவே 3 இல்ல 6 மாசம் கீமோ. ஆக்ஸாலிபிளாட்டின்ங்கற கீமோ மருந்து ஏத்தினா ஃபிரிட்ஜ்ல கை வெச்சாகூட சுருக்குனு குத்தும், அதுக்காக நீங்களா கீமோவை நிறுத்தாதீங்க, டாக்டர்கிட்ட சொன்னா டோஸ் மாத்துவாங்க. மலம் வெளிய வர்றதுக்கு வயித்துல பை வெச்சிடுவாங்களோன்னு பயப்படறவங்க நிறைய, பெருங்குடல் கட்டிக்கு நிறைய பேருக்கு பையே தேவைப்படறதில்ல, வெச்சாலும் பல நேரம் சில மாசத்துல எடுத்துடலாம். செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டு கார்டு இருந்தா அதுல கேன்சர் சிகிச்சை வருது, ஆஸ்பத்திரில சேர்றப்பவே கேட்டுடுங்க. கட்டியோட மரபணு கோளாறை பாக்கற எம்.எஸ்.ஐ. டெஸ்ட் பண்ணாங்களான்னும் கேளுங்க, சிலருக்கு அத வெச்சு உடம்போட எதிர்ப்பு சக்தியை தூண்டிவிடற இம்யூனோதெரபி குடுக்க முடியும், குடல் கேன்சர் வர வாய்ப்பை கூட்டற, குடும்பத்துல ஓடற லிஞ்ச் சிண்ட்ரோமுக்கும் அது துப்பு குடுக்கும்.

பொண்ணு பாக்கற நேரம்னு "வயித்துல சின்ன கட்டி, எடுத்தாச்சு"ன்னு சொந்தக்காரங்ககிட்ட மறைக்கறவங்க, கூடப் பொறந்தவங்களுக்கும் பிள்ளைங்களுக்குமாவது உண்மையை சொல்லிடுங்க. அவங்க 40 வயசுலயோ, உங்களுக்கு வந்த வயசுக்கு 10 வருஷம் முன்னாடியோ, எது முதல்ல வருதோ அப்ப கொலனோஸ்கோபி பாக்கணும். அப்பாவுக்கு 44ல வந்திருந்தா பையனுக்கு 34.