டெக்சஸ் போலீஸ் லைசன்ஸ்: இரண்டு ஆண்டுக்கு 40 மணி நேரப் பயிற்சியை முடிப்பது எப்படி?

டெக்சஸில் போலீஸ் வேலை லைசன்ஸ் வைத்துச் செய்கிற வேலை. ஹூஸ்டன் நகரப் போலீஸாக இருந்தாலும், ஒரு சின்ன கவுண்டி ஷெரிஃபின் டெபுடியாக இருந்தாலும், பல்கலைக்கழக வளாகப் போலீஸாக இருந்தாலும் லைசன்ஸ் தருவது ஒரே இடம்தான்: டெக்சஸ் சட்ட அமலாக்க ஆணையம். அங்கே எல்லோரும் சுருக்கமாக டிகோல் என்பார்கள். அகாடமியில் 700 மணி நேரத்துக்கு மேல் படித்து, மாநிலத் தேர்வில் தேறி, ஒரு துறையில் சேர்ந்தபிறகு லைசன்ஸ் கிடைக்கும். அதைத் தக்க வைக்க இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குறைந்தது 40 மணி நேரப் பயிற்சி முடித்திருக்க வேண்டும்.

40 என்ற எண்ணைக் கேட்டதும் பலர் "ஏதாவது ஆன்லைனில் பார்த்து முடித்துவிடலாம்" என்று நினைத்துவிடுகிறார்கள். அப்படி முடியாது. எந்தப் பயிற்சி, எப்போது, எந்த வடிவில் என்பதற்கெல்லாம் தனித்தனி விதி இருக்கிறது. புதிதாக லைசன்ஸ் வாங்கியவர்களுக்காக அதை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: உங்கள் கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது என்று பாருங்கள்

டிகோல் கணக்கில் இரண்டு கால அளவுகள் உண்டு. 24 மாதம் கொண்டது ஒரு 'யூனிட்'. இரண்டு யூனிட் சேர்ந்தால் 48 மாதம், அது ஒரு 'சைக்கிள்'. யூனிட் எப்போதும் ஒற்றைப்படை ஆண்டின் செப்டம்பர் 1-ல் தொடங்கும். இப்போதைய யூனிட் 2025 செப்டம்பர் 1 முதல் 2027 ஆகஸ்ட் 31 வரை. சைக்கிள் 2029 ஆகஸ்ட் 31-ல் முடியும்.

உங்களுக்கு லைசன்ஸ் கிடைத்த தேதியிலிருந்து இரண்டு ஆண்டு என்று எண்ணாதீர்கள். எல்லோருக்கும் ஒரே காலண்டர்தான். யூனிட்டின் நடுவில் லைசன்ஸ் வாங்கியிருந்தால், உங்களுக்கு இந்த யூனிட்டில் எது பொருந்தும் என்று துறையின் பயிற்சி ஒருங்கிணைப்பாளரிடம் முதல் மாதத்திலேயே கேட்டுவிடுங்கள்.

படி 2: கட்டாயமானவற்றை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்

ஒவ்வொரு யூனிட்டிலும் தவறவே கூடாதவை இரண்டு.

முதலாவது, சட்டப் புதுப்பிப்பு வகுப்பு. டெக்சஸ் சட்டமன்றத்தின் வழக்கமான கூட்டம் ஒற்றைப்படை ஆண்டுகளில் மட்டும் ஜனவரியில் தொடங்கி அதிகபட்சம் 140 நாள் நடக்கும். அதில் நிறைவேறும் சட்டங்களில் பெரும்பாலானவை அந்த ஆண்டு செப்டம்பர் 1-ல் அமலுக்கு வரும். யூனிட்டும் அதே நாளில்தான் தொடங்குகிறது. 2023-ல் நடந்த 88-வது கூட்டத்துக்கான வகுப்பின் எண் 3188, 2025-ல் நடந்த 89-வதுக்கு 3189. கடைசி இரண்டு இலக்கங்களைப் பார்த்தாலே சரியான வகுப்பா என்று தெரிந்துவிடும். பழைய எண்ணுள்ள வகுப்பு இந்த யூனிட்டுக்குச் செல்லாது.

இதை வெறும் சம்பிரதாயமாக நினைக்க வேண்டாம். 2021-ல் வந்த ஒரு சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கழுத்தை நெரித்துப் பிடிப்பதை, அதிகாரிக்கோ வேறு ஒருவருக்கோ கடுமையான காயம் ஏற்படாமல் தடுக்கத் தேவைப்பட்டால் ஒழிய, அது தடை செய்தது. கூடவே, சக அதிகாரி அளவு மீறிப் பலம் பயன்படுத்தினால் பக்கத்தில் இருப்பவர் தடுத்து நிறுத்த வேண்டும், அறிக்கையும் தர வேண்டும் என்று கடமையாக்கியது. 2015-ல் அகாடமி முடித்தவருக்கு இந்தச் சட்டம் பாடத்திலேயே இருந்திருக்காது. புதுப்பிப்பு வகுப்பில்தான் தெரிந்திருக்க முடியும்.

இரண்டாவது, துப்பாக்கியோடு ஒருவர் கூட்டத்துக்குள் புகுந்து சுட்டுக்கொண்டிருக்கும்போது எப்படி எதிர்கொள்வது என்ற 16 மணி நேரப் பயிற்சி. சான் மார்கஸில் டெக்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருக்கும் அலர்ட் மையம் உருவாக்கிய பாடத்திட்டம் இது. 2023-ல் சட்டமன்றம் இதை ஒவ்வொரு யூனிட்டுக்கும் கட்டாயமாக்கியது. அதற்கு முந்தைய ஆண்டு, 2022 மே 24-ல், யுவால்டி நகரின் ராப் தொடக்கப் பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் கொல்லப்பட்டார்கள். அங்கே வந்து சேர்ந்த அதிகாரிகள் 376 பேர். ஆனாலும் கொலையாளி இருந்த வகுப்பறைக்குள் அவர்கள் நுழைய 77 நிமிடம் ஆனது. இந்த 16 மணி நேரத்தை "மறுபடியும் அதே பாடமா" என்று சலித்துக்கொண்டு உட்காராதீர்கள். அன்று அந்த வகுப்பறைக்கு வெளியே நடைபாதையில் நின்றவர்களில் பலர் இதே மாதிரி வகுப்பை முன்பே முடித்தவர்கள். ஒருமுறை கேட்டது கை காலில் தங்காது, திரும்பத் திரும்பச் செய்து பார்க்க வேண்டும்.

படி 3: முதல் இரண்டு ஆண்டில் முடிக்க வேண்டியவை

யூனிட் கணக்கு 40 மணி நேரத்துக்குத்தான்; அதைத் தவிர, லைசன்ஸ் வாங்கிய தேதியிலிருந்தே எண்ணி இரண்டு ஆண்டுக்குள் முடிக்க வேண்டிய சில வகுப்புகளும் உண்டு. பலவற்றை அகாடமியே இப்போது சேர்த்து நடத்திவிடுகிறது. முதலில் உங்கள் பதிவை எடுத்து, இவை அதில் ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள். போக்குவரத்துச் சோதனையில் பொதுமக்களோடு நடந்துகொள்ளும் முறை, நாய்களை எதிர்கொள்ளும் முறை ஆகியவை சில மணி நேர வகுப்புகள்தான். சீக்கிரம் முடிந்துவிடும்.

பெரியது வேறு. மனநல நெருக்கடியில் இருப்பவரைக் கையாளவும் பதற்றத்தைத் தணிக்கவும் கற்றுத் தரும் 40 மணி நேரப் பயிற்சி அது. இரண்டு ஆண்டு முடிவதற்குள், அல்லது இடைநிலைத் தகுதிச் சான்றிதழுக்கு (அடிப்படைச் சான்றிதழுக்கு அடுத்த படி) விண்ணப்பிப்பதற்குள், எது முன்னால் வருகிறதோ அதற்குள் முடித்தாக வேண்டும். இதை ஆன்லைனில் முடிக்கச் சட்டம் அனுமதிக்கவில்லை. நேரில் உட்கார்ந்துதான் ஆக வேண்டும்.

இதன் பின்னால் சான்ட்ரா பிளாண்ட் என்ற பெண்ணின் பெயர் இருக்கிறது. 2015 ஜூலை 10-ல் பிரெய்ரி வியூ ஊரில், சிக்னல் போடாமல் லேன் மாறியதாக அவர் காரை ஒரு அதிகாரி நிறுத்தினார். பேச்சு வாக்குவாதமாகி, கைதில் முடிந்தது. மூன்றாம் நாள் வாலர் கவுண்டி சிறையில் அவர் இறந்து கிடந்தார். 2017-ல் அவர் பெயரிலேயே வந்த சட்டம் பதற்றம் தணிப்பதைப் பயிற்சியின் மையத்துக்குக் கொண்டுவந்தது. பதற்றம் தணிப்பு வகுப்பின் எண் 1849. அது அந்த மசோதாவின் எண்.

என்னைக் கேட்டால், முழு லைசன்ஸ் காலத்திலும் ஒரு அதிகாரி மனம் வைத்துப் படிக்க வேண்டிய வகுப்பு இந்த 40 மணி நேரம்தான். இரவுப் பணியில் வரும் அழைப்புகளில் எத்தனையோ, குற்றம் செய்தவரைப் பற்றியவை அல்ல. மாத்திரை சாப்பிடாத மகனைப் பற்றி அம்மா அழுதுகொண்டே போன் செய்கிற அழைப்புகள். அங்கே குரலைத் தாழ்த்தத் தெரிந்தவர் எல்லோரையும் உயிரோடு வீடு சேர்க்கிறார். நல்ல பயிற்றுநர் இருக்கும் வகுப்பாக, நடித்துப் பார்க்கும் பயிற்சி உள்ள வகுப்பாகத் தேடிச் சேருங்கள். கொஞ்சம் தூரம் போக வேண்டி வந்தாலும் பரவாயில்லை.

படி 4: நான்கு ஆண்டுக் கணக்கு

அடிப்படைச் சான்றிதழ் மட்டும் உள்ளவர்கள் 48 மாத சைக்கிளுக்குள் குறிப்பிட்ட சில தலைப்புகளைத் தொட வேண்டும். குடிமை உரிமை, இனம், பண்பாட்டு வேறுபாடு பற்றியது அவற்றில் ஒன்று. குழந்தைக் கொடுமை, குடும்ப வன்முறை, பாலியல் வன்முறை வழக்குகளை அடையாளம் கண்டு பதிவு செய்வது மற்றொன்று. இவற்றை முதல் யூனிட்டிலேயே முடித்துவிட்டால் அப்புறம் நினைவில் சுமக்க வேண்டியதில்லை.

படி 5: மீதி மணி நேரத்தை நீங்களே தேர்ந்தெடுங்கள்

40-ல் 16 போனால் 24. சட்டப் புதுப்பிப்பும் சில மணி நேரம் எடுத்துக்கொள்ளும். ஏறக்குறைய 20 மணி நேரம் உங்கள் கையில் இருக்கும். பலர் இதை ஆகஸ்ட் கடைசி வாரத்தில் கிடைத்த ஆன்லைன் வகுப்புகளால் நிரப்பிவிடுகிறார்கள். அது பெரிய இழப்பு. உங்கள் ரோந்துப் பகுதியைப் பார்த்து எடுங்கள். முதியோர் அதிகமுள்ள பகுதியா, மறதி நோய் பற்றிய வகுப்பு உதவும். நெடுஞ்சாலையோரமா, ஆள்கடத்தலை அடையாளம் காணும் வகுப்பு. ஸ்பானிஷ் பேசும் மக்கள் நடுவில் வேலையா, போலீஸாருக்கான ஸ்பானிஷ் வகுப்பில் சேருங்கள். இந்த மணி நேரங்கள் பின்னால் இடைநிலை, மேல்நிலை, மாஸ்டர் சான்றிதழ்களுக்கும் கணக்கில் வரும்.

சேருவதற்கு முன் ஒன்றை மட்டும் உறுதி செய்யுங்கள்: நடத்துபவர் டிகோலுக்கு அறிக்கை அனுப்பத் தகுதி பெற்றவரா என்று.

படி 6: பதிவில் ஏறியதா என்று நீங்களே பாருங்கள்

வகுப்பை நடத்தியவர்தான் டிகோலுக்குத் தெரிவிக்க வேண்டும். ஆனால் ஏறாமல் போனால் பாதிக்கப்படுவது உங்கள் லைசன்ஸ். வகுப்பு முடிந்து ஒரு மாதம் கழித்து டிகோலின் இணையக் கணக்கில் உங்கள் பயிற்சிப் பதிவைத் திறந்து பாருங்கள். சான்றிதழின் நகலை வீட்டிலும் வையுங்கள். வேறு துறைக்கு மாறினாலும் இந்தப் பதிவு உங்களோடு வரும்.

ஆண்டுக்கு ஒருமுறை துப்பாக்கித் திறன் சோதனை தனியாக உண்டு. அதை உங்கள் துறையே நடத்தி ஆவணம் வைத்திருக்கும். 40 மணி நேரம் முடித்தேன் என்று சொல்லி அதைத் தவிர்க்க முடியாது.

கெடு தாண்டினால் சட்டப்படி லைசன்ஸ் இடைநிறுத்தம் வரை போகும். அந்த நிலையில் போலீஸாக வேலை செய்ய முடியாது. ஆகவே யூனிட்டின் முதல் ஆண்டு முடிவதற்குள் பாதியையாவது முடித்துவிடுங்கள். அலர்ட் வகுப்புகளில் இடம் சீக்கிரம் நிரம்பும், அதற்கு முதலில் பதிவு செய்யுங்கள்.

பணம் பற்றியும் ஒரு வார்த்தை. நீதிமன்றக் கட்டணங்களிலிருந்து பயிற்சிக்காகவே ஒரு நிதி ஒதுக்கி, மாநிலக் கணக்குத் துறை ஆண்டுதோறும் துறைகளுக்குத் தருகிறது. அதில் 20 சதவீதம் எல்லாத் துறைக்கும் சமமாகவும், 80 சதவீதம் அதிகாரிகளின் எண்ணிக்கைப்படியும் பிரிகிறது. சின்ன ஊர்த் துறைக்கும் ஏதோ ஒரு தொகை வந்திருக்கும். சொந்தப் பணத்தைக் கட்டுவதற்கு முன், அந்த நிதியில் இந்த ஆண்டு என்ன மீதம் இருக்கிறது என்று ஒருங்கிணைப்பாளரிடம் கேளுங்கள்.