மணல் சிற்பத்துக்கு மெலிசான தகடு

சொத்தவிளை கடற்கரையில் ஆமை செய்யும்போதெல்லாம் ஓட்டின் விளிம்பு பொலபொலவென்று உதிரும். தண்ணீர் போதவில்லை என்றார்கள் கூட வந்தவர்கள். மணல் நன்றாக நனைந்து, மிதித்து இறுகித்தான் இருந்தது. கோளாறு கரண்டியில். கொத்தனார் கரண்டியின் தகடு தடிமன். மணலை வெட்டாமல் பக்கவாட்டில் நெம்பித் தள்ளும். ஈரத்தால் ஒட்டி நிற்கும் மணல் அந்தத் தள்ளலில் விட்டுவிடும்.

இப்போது கரண்டி மொத்த உருவம் பிடிக்க மட்டும். விளிம்புக்கு, பெயின்டர்கள் பட்டி பார்க்கிற வளையும் தகடு. நாகர்கோவிலில் பெயின்ட் கடைகளில் கிடைக்கும். ஒரு அங்குல அகலம் போதும். அதைச் சாய்த்துப் பிடித்து, மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவ வேண்டும். கீழே முதலில் குடைந்தால் மேல்பாரம் இறங்கிவிடும்.

ஓட்டுக் கோடுகளுக்கு உடைந்த ஹேக்ஸா பிளேடின் பல் அருமை, பிடிக்கும் இடத்தில் துணி சுற்றிக்கொள்ளுங்கள். உதிர்ந்த துகளை ஸ்ட்ரா வைத்து ஊதிவிடுகிறேன். பிரஷ் எனக்குச் சரிப்படவில்லை, கோட்டை மழுக்கிவிடுகிறது. காற்று அதிகமானால் அப்பப்போ ஸ்பிரே பாட்டிலால் நனைக்க வேண்டும்.

அப்புறம் துரு. வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, தேங்காயெண்ணெய் தடவி வைக்கிறேன். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு கிடைத்தால் இந்தப் பாடு குறையும்.