இருபத்தெட்டு ஆட்டத்தில் எதிராளியைத் தவறாகப் படிக்கும் இடங்கள்

செங்கோட்டையில் சாரல் தொடங்கிவிட்டால், ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் நான்கு பேர் கூடி இருபத்தெட்டு என்னும் சீட்டாட்டம் ஆடுவது எங்கள் வீட்டில் நெடுநாள் பழக்கம். 1956 நவம்பரில் தமிழகத்தோடு சேரும் வரை இந்த ஊர் திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில் இருந்தது. ஆரியங்காவுக்கு அப்பால் இன்றும் எங்களுக்கு உறவினர்கள் இருக்கிறார்கள். இத்தனை புள்ளி பிடிப்போம் என்று ஏலம் கூறுவதை நாங்கள் ‘கேட்பது’ என்போம்; அதையே புனலூரிலிருந்து வருபவர்கள் ‘விளி’ என்பார்கள். சொல் மாறினாலும், சீட்டைப் பற்றி யாரும் யாரிடமும் பேசக் கூடாது என்ற விதி இரு பக்கமும் ஒன்றுதான். பேச்சில்லாத ஆட்டத்தில் இறக்கும் சீட்டே பேச்சாகிறது. அதைத் தவறாகப் படித்துத் தோற்ற பலரை, என்னையும் சேர்த்து, பார்த்திருக்கிறேன்.

ஆட்டத்தை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏழு முதல் ஆஸ் வரை 32 சீட்டுகள். எதிரெதிரே அமர்பவர்கள் ஜோடி. ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஆஸுக்கும் பத்துக்கும் தலா 1 என ஓர் இனத்துக்கு 7 புள்ளிகள், மொத்தம் 28. வலிமையின் வரிசையும் இதுவேதான். ராஜா, ராணி, எட்டு, ஏழு ஆகியவை அதன் பின்னால் வரும். முதலில் ஆளுக்கு நான்கு சீட்டு போட்டதும் கேள்வி நடக்கும். அதிகம் கேட்டவர் ஒரு சீட்டைக் கவிழ்த்து வைத்துத் துருப்பை, அதாவது மற்ற இனங்களை வெட்டும் இனத்தை, மறைப்பார். பிறகுதான் மீதி நான்கும் வரும்.

முதலில் கேள்வி, பிறகு மீதி நான்கு என்ற இந்த வரிசையை மறப்பதுதான் முதல் தவறு. ஒருவர் மிகக் குறைந்த கேள்வியான 14-க்குக்கூடக் கேட்காமல் ‘பாஸ்’ சொன்னால், அவரிடம் ஒன்றுமில்லை என்று ஆட்டம் முடியும் வரை நம்புகிறவர்கள் உண்டு. அவர் அதைச் சொன்னபோது அவர் கையில் பாதிச் சீட்டுதான் இருந்தது. கேட்டவரைப் பற்றிய கணிப்பும் இவ்வாறே பிழைக்கிறது. முதல் நான்கில் மூன்று சீட்டு ஒரே இனமாக இருந்து அதையே துருப்பாக வைத்தவருக்கு, அடுத்த நான்கில் அந்த இனத்தில் இன்னும் ஒன்றாவது சேரும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறக்குறைய 57. ஆகவே அவரிடம் மூன்று துருப்புதான் என்று எண்ணி ஆடுபவர், பாதிக்கும் மேற்பட்ட ஆட்டங்களில் ஏமாறுவார். மேலும், தன் ஜோடி கேட்டதற்கு மேல் கேட்பதானால் 20-ஆவது கேட்க வேண்டும் என்ற வழக்கம் உள்ள இடங்களில், நல்ல சீட்டு வைத்திருப்பவரும் பேசாமல் இருக்க நேரும். அந்த மௌனத்தை வறுமை என்று படிக்கக் கூடாது.

இரண்டாவது தவறு, நான் மிகுதியாகக் காண்பது: முதலில் இறங்கிய இனத்தையே போட வேண்டும் என்ற விதியின் கட்டாயத்தால் இறங்கிய சீட்டை விருப்பத்தால் இறங்கியதாக எண்ணுவது. எந்தச் சீட்டைப் பார்த்தாலும், அவர் வேறு எதை இறக்கியிருக்க முடியும் என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். நீங்கள் ஆட்டின் (ஹார்ட்) ஜாக்கியை இறக்குகிறீர்கள். எதிராளி அதன்மேல் ஆட்டின் ஒன்பதைப் போடுகிறார். இரண்டு புள்ளியை யாரும் விரும்பி எதிரிக்குக் கொடுப்பதில்லை; ஆகவே அவரிடம் ஆட்டினில் வேறு சீட்டு அநேகமாக இல்லை, அடுத்த முறை ஆட்டின் இறங்கினால் அவர் துருப்பைத் திறக்கச் சொல்லி வெட்டுவார் என்று எதிர்பார்க்கலாம். அதே ஒன்பதை அவர் தம் ஜோடியின் ஜாக்கிமேல் போட்டால் அந்தப் பொருள் கிடையாது. தம் பக்கம் வரும் சுற்றில் புள்ளியைச் சேர்ப்பது இயல்பு. கட்டாயத்தால் போட்டாரா, கையில் இன்னும் இரண்டு ஆட்டினை வைத்துக்கொண்டு போட்டாரா என்பது அந்தச் சீட்டிலிருந்து தெரியாது.

அவர் ஜோடியின் ஜாக்கிமேல் ஏழைப் போட்டால்? இங்கே இன்னும் நுட்பமாகப் பார்க்க வேண்டும். புள்ளிச் சீட்டு எதுவும் அவரிடம் இல்லை என்று பலர் உடனே முடிவு செய்கிறார்கள். பத்து இல்லை என்பது பெரும்பாலும் சரி, ஏனெனில் பத்தைத் தேக்கி வைப்பதால் பயன் குறைவு. ஆனால் ஜாக்கி போன பிறகு அந்த இனத்தில் தலைச்சீட்டு ஒன்பதுதான். அடுத்த சுற்றைத் தாமே பிடிப்பதற்காக அதை ஒளித்து வைத்திருக்கலாம். ஒரே ஏழு பத்தை மறுக்கிறது, ஒன்பதை மறுக்கவில்லை. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

மறைந்த துருப்பை ஊகிப்பதிலும் இதே பிழை வருகிறது. கேட்டவர் இஸ்பேடை இறக்கவே இல்லை, ஆகவே இஸ்பேடுதான் துருப்பு என்பார்கள். துருப்பு திறக்கும் வரை, கையில் வேறு இனம் இருக்கையில் கேட்டவர் துருப்பை முதலில் இறக்கக் கூடாது என்பது எங்கள் விதி. எனவே அவர் தாமே தொடங்கிய இனம் துருப்பல்ல என்பது ஏறத்தாழ உறுதி. தொடங்காத இனம் துருப்பு என்பதோ வெறும் ஊகம். அந்த இனம் அவரிடம் இல்லாமலும் இருக்கலாம், ஒற்றை ராணியாகவும் இருக்கலாம்.

முதலில் இறங்கிய இனம் கையில் இல்லாதபோதும் ஒருவர் துருப்பைத் திறக்கச் சொல்லாமல் வேறு சீட்டைக் கழிப்பது உண்டு. அவரிடம் துருப்பே இல்லை என்று இதைப் படிப்பது அவசரம். திறந்த பிறகுதான் துருப்புக்கு வலிமை வருகிறது. திறந்துவிட்டால் மிகுதியாகப் பயன்பெறுபவர் பெரும்பாலும் கேட்டவரே. அதைத் தள்ளிப்போட ஒரு புள்ளியை இழக்கவும் நல்ல ஆட்டக்காரர்கள் தயங்குவதில்லை.

முகத்தையும் தாமதத்தையும் படிப்பவர்களுக்கு ஒரு சொல். எதிரே அமர்ந்த பெரியவர் ஒருவர் ஒவ்வொரு சீட்டுக்கும் நெடுநேரம் எடுத்துக்கொண்டார். இரண்டு நல்ல சீட்டுகளுக்கிடையே தடுமாறுகிறார் என்று எண்ணி என் ஆஸை விட்டுக் கொடுத்தேன். அவருக்குக் கண்புரை முற்றியிருந்தது என்பதை ஆட்டம் முடிந்த பின்பே அறிந்தேன். ஜோடியின் தாமதத்தைப் படிப்பதோ நேர்மைக் குறைவு. 1965-இல் புவெனஸ் ஐரிஸில் நடந்த பிரிட்ஜ் சீட்டாட்ட உலகப் போட்டியில் ஒரு பிரிட்டிஷ் ஜோடிமீது விரல் சைகைக் குற்றச்சாட்டு எழுந்தது. 1975-இல் அதே போட்டியில் ஜோடிகள் ஒருவரையொருவர் பார்க்க முடியாதபடி மேசையின் குறுக்கே திரை வைத்தார்கள். திண்ணையில் திரை வைக்க முடியாது. அந்தக் கட்டுப்பாட்டை நாமே வைத்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, புள்ளியை எண்ணாமல் நோக்கத்தைப் படிப்பது வீண். எதிராளி 18 கேட்டிருந்தால் அவரைத் தோற்கடிக்க உங்களுக்கு 11 வேண்டும். அவர்கள் 16 பிடித்துவிட்ட நிலையில் அவர் ஒரு டைமன் எட்டை இறக்கினால், அது ஆழம் பார்க்கும் சீட்டு அன்று. எஞ்சிய இரண்டு புள்ளியைத் தம் ஜோடி பிடித்துத் தருவார் என்ற நம்பிக்கையில் சுற்றை அவரிடம் கொடுக்கிறார். அதே எட்டை அவர்கள் 5 புள்ளியில் இருக்கும்போது இறக்கினால், டைமன் ஜாக்கி யாரிடம் இருக்கிறது என்று தேடுகிறார். அப்போது அந்த ஜாக்கி உங்கள் கையில் இருந்து, மேசையில் வேறு புள்ளியும் விழவில்லையென்றால், ஜாக்கியை வைத்துக்கொண்டு ஏழைப் போடுவது பற்றி யோசிக்கலாம்.