தொற்றுக் காலத்தில் நர்சிங் பிள்ளைகளின் மனம்: டியூட்டி சார்ட்டிலிருந்து தொடங்குங்கள்

2020 மார்ச் 25 அன்று தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம் மதுரைப் பெரியாஸ்பத்திரியில் (அரசு இராஜாஜி மருத்துவமனை) நிகழ்ந்தது. அந்தச் சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கவில்லை. மறு சித்திரையிலும் இறங்கவில்லை. 2021 மே மாதம், பி.எஸ்சி. நர்சிங், ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமோ) முடித்தவர்களை மூத்த டாக்டர், நர்சுகளின் மேற்பார்வையில் முழுநேரக் கோவிட் டியூட்டிக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று மத்திய அரசு அறிவித்தது. அடுத்த தொற்று வரும்போதும் ஆள் பற்றாக்குறை வரும், இளம்பிள்ளைகளைத்தான் கூப்பிடுவார்கள். அதற்குள் நர்சிங் கல்லூரி ட்யூட்டர்களும் ஹாஸ்டல் வார்டன்களும் சீனியர் அக்காமாரும் தயாராக வேண்டிய விதம் இது.

ஆடிட்டோரியத்தில் உட்காரவைத்து ஒரு மணி நேரம் “தைரியமா இருங்கம்மா” என்று பேசுவதை முதலில் விட்டுவிடலாம். எந்த வார்டு, எத்தனை மணி நேரம், எனக்குக் காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள், அட்டெண்டன்ஸ் போகுமா என்று எதுவும் தெரியாத பிள்ளைக்குத் தைரியம் எங்கிருந்து வரும்? போஸ்டிங்குக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பு ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள்: வார்டு, ஷிப்ட் நேரம், மேற்பார்வையிடும் சிஸ்டரின் பெயரும் போன் நம்பரும், தங்குமிடம், தொற்றால் தனிமையில் இருக்க நேர்ந்தால் அந்த நாட்களின் கிளினிக்கல் (வார்டுப் பயிற்சி) மணி நேரத்தை எப்படி ஈடுகட்டுவது. அதன் கீழே, மாணவி தனியாகச் செய்யக் கூடாதவற்றையும் எழுதுங்கள். சளி உறிஞ்சி எடுப்பது, நோயாளியின் மூச்சுப் பாதையில் குழாய் போடும்போது உதவுவது, இறந்தவர் உடலைப் பொதிவது ஆகிய மூன்றும் அதில் கட்டாயம் இருக்கட்டும். அந்தத் தாள் கையில் இருந்தால்தான், அவசரத்தில் யாராவது “நீயே பண்ணிரு” என்று சொல்லும்போது அவளால் மறுக்க முடியும்.

கவச உடைப் பயிற்சியும் மனநலப் பயிற்சிதான். தொற்று ஒட்டுவது பெரும்பாலும் கழற்றும்போது. ஷிப்ட் முடிந்த களைப்பில் கை தானாக முகத்துக்குப் போகும். ராத்திரி படுத்த பிறகு “மாஸ்க்கைத் தொட்டேனா?” என்று மனம் திரும்பத் திரும்பக் கேட்பதும் அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றித்தான். ஒருத்தி வரிசையைச் சத்தமாக வாசிக்க, இன்னொருத்தி கழற்ற வேண்டும். பொதுவான வரிசை கையுறை, கண்ணாடி, அங்கி, கடைசியாக மாஸ்க். இடையிடையே கை சுத்தம். முழு உடைக்கும் ஷூ கவருக்கும் ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி வரிசை மாறும் என்பதால், அந்த வார்டுச் சுவரில் ஒட்டியிருப்பதையே பழக்குங்கள். கையுறையில் குழைத்த குங்குமத்தைத் தடவிவிட்டுக் கழற்றச் சொன்னால், எங்கெல்லாம் கை பட்டது என்று அவள் கண்ணாலேயே பார்த்துக்கொள்வாள். தொடர்ந்து மூன்று முறை சிவப்பு ஒட்டாமல் வந்த பிறகு வார்டுக்கு அனுப்பலாம்.

கத்திரி வெயிலில் அந்த உடைக்குள் இருப்பது தனிப் பாடு. உடுத்துவதற்கு அரை மணி முன்பு இரண்டு டம்ளர் தண்ணீர் அல்லது உப்புப் போட்ட மோர், பிறகு கழிவறை. வெறும் வயிற்றில் போகவே கூடாது. உடை போட்ட கொஞ்ச நேரத்திலேயே சிலருக்கு நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டுவது போலிருக்கும். அப்போது “ஆழமா மூச்சு இழு” என்று சொல்வதுதான் வழக்கமான தவறு. வேகமாக இழுக்க இழுக்கத் தலை சுற்றும், விரல் நுனி மரக்கும், பயம் இன்னும் ஏறும். வெளியே விடும் மூச்சைத்தான் நீட்ட வேண்டும்: நாலு எண்ணி மூக்கால் இழுத்து, ஆறு எண்ணி மெல்ல விடுவது, இரண்டு நிமிடம். கூடவே இரு பாதத்தையும் தரையில் அழுத்தி, கண்ணுக்குத் தெரியும் கட்டில் நம்பர்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் வெளியே கூட்டிவந்து, முறைப்படி கழற்றவைத்து உட்காரவையுங்கள். வெக்கையால் வரும் மயக்கமும் பயத்தால் வரும் படபடப்பும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருக்கும். உடைக்குள் வைத்தே பிரித்தறிய முயல வேண்டாம்.

பிள்ளைகளை இரண்டு இரண்டாக ஜோடி சேர்ப்பார்கள். மூன்று மூன்றாகச் சேருங்கள். ஜோடியில் ஒருத்திக்குத் தொற்று வந்து தனி அறைக்குப் போனால், மற்றவள் தனியாக நிற்பாள். ஆள் அதிகம் தேவைப்படும் நேரத்தில் யாரும் இல்லாமல் போகும். மூவரும் ஒரே ஷிப்ட், முடிந்தால் ஹாஸ்டலில் ஒரே மாடி, ஒருத்தியாவது சீனியர். ஒவ்வொரு ஷிப்ட் முடிவிலும் ஒருவரையொருவர் கேட்க மூன்று கேள்வி போதும்: சாப்பிட்டியா, தூங்கினியா, இன்னைக்கு மனசுல எது நிக்குது? மூன்றாவதுக்குப் பதில் சொல்லாவிட்டால் விட்டுவிட வேண்டும். தொடர்ந்து மூன்று நாள் சொல்லாவிட்டால் ட்யூட்டருக்குத் தெரிய வேண்டும்.

முதல் மரணம்

பாடத்தில் படித்த மரணமும், முந்தின நாள் “பாப்பா, தண்ணி குடும்மா” என்று கேட்ட தாத்தாவின் கட்டில் காலியாக இருப்பதும் ஒன்றில்லை. அந்த ஷிப்டிலேயே பத்து நிமிடம் ஒதுக்குங்கள். வார்டுக்கு வெளியே உட்காரவைத்து, குடிக்க ஏதாவது கொடுத்து, பக்கத்தில் இருங்கள். அவள் சொல்லும் அளவுக்கு மட்டும் கேளுங்கள். உடலைப் பொதியும் வேலைக்கு அன்று அவளை அனுப்பாதீர்கள். “நான் சீக்கிரம் சொல்லியிருந்தா பிழைச்சிருப்பாரோ?” என்று கேட்டால், “அதெல்லாம் ஒண்ணுமில்ல” என்று மூடிவிடாமல், கேஸ் ஷீட்டை வைத்து எப்போது ஆக்சிஜன் இறங்கியது, எப்போது டாக்டரிடம் சொன்னாள் என்று நிதானமாக விளக்குங்கள். உண்மையிலேயே தவறு நடந்திருந்தால் அதைத் தனியாக, வேறொரு நாளில், திட்டாமல் பேசலாம்.

நல்லெண்ணத்தோடு செய்யும் தவறு ஒன்று உண்டு. பேட்ச் முழுவதையும் வட்டமாக உட்காரவைத்து, பார்த்த கொடுமையை ஒவ்வொருவராக விவரிக்கச் சொல்வார்கள். இப்படி ஒரே அமர்வில் கட்டாயப்படுத்திப் பேசவைப்பது பின்னால் வரும் மனப்பாதிப்பைத் தடுப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சிலருக்கு அது கெடுதலும் செய்யும். உலக சுகாதார நிறுவனமும் இதைப் பரிந்துரைப்பதில்லை. கவனிப்பது, கேட்பது, உதவியோடு இணைப்பது என்ற மூன்றுதான் அந்நிறுவனம் சொல்லும் மனநல முதலுதவி. மானிட்டர் சத்தம் காதிலேயே கேட்பது, வார்டு வாசனை திடீரென வருவது, தூக்கத்தில் விழிப்பது எல்லாம் முதல் சில வாரங்களில் பலருக்கும் வரும், தானே குறையும். ஒரு மாதம் தாண்டியும் நீடித்தாலோ, அதற்கு முன்பே டியூட்டியும் சாப்பாடும் கெட்டுப்போனாலோ மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

தூக்கம்

இரவு டியூட்டியைத் தொடர்ந்து மூன்றுக்கு மேல் போடாதீர்கள். ஹாஸ்டலில் இரவு டியூட்டிப் பிள்ளைகளுக்கு மெஸ்ஸுக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் தள்ளி ஒரு அறை, அதன் ஜன்னலுக்குத் தடித்த போர்வை. கடைசி டீ அதிகாலை இரண்டு மணியோடு சரி. அதற்குப் பின் குடித்தால் காலை ஒன்பதுக்குப் படுக்கும்போதும் அது உடம்பில் இருக்கும். இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் படுப்பது பட்டினியாகப் படுப்பதைவிட நல்லது.

தூக்கத்தைக் கெடுப்பதில் பெரிய பங்கு வீட்டுப் போனுக்கு உண்டு. உசிலம்பட்டியிலோ மேலூரிலோ இருக்கும் அம்மா, டிவி செய்தியைப் பார்த்துவிட்டுப் பகல் பதினோரு மணிக்கு அழைத்து, “படிப்பும் வேணாம் ஒண்ணும் வேணாம், கெளம்பி வா” என்று அழுவார். அவர் மேல் கோபப்பட முடியாது. ஊரில் நாலு பேர் என்ன பேசுவார்கள், நாளைக்குக் கல்யாணப் பேச்சில் இது வருமா என்ற கவலையும் அதில் இருக்கும். மகள் தன் பயத்தை மறைத்து அம்மாவைத் தேற்றியே களைத்துப்போவாள். போஸ்டிங் தொடங்கும் முன் ட்யூட்டரே வீட்டுக்குப் போன் செய்து, வேலை நேரம், பாதுகாப்பு உடை, காய்ச்சல் வந்தால் எங்கே சேர்ப்போம் என்பதைச் சொல்லி, எந்த நேரத்தில் மகளை அழைக்கலாம் என்றும் முடிவு செய்துகொள்ளட்டும். அப்பாவிடம் மட்டும் சொன்னால் போதாது. அம்மாவிடமும் பேச வேண்டும்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தமிழில் பிஎச்க்யூ-9, ஜிஏடி-7 கேள்வித்தாள்களை நிரப்பச் சொல்லலாம். முதலாவது மனச்சோர்வுக்கு, 0 முதல் 27 வரை. இரண்டாவது பதற்றத்துக்கு, 0 முதல் 21 வரை. எதிலும் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் தனியாகப் பேச வேண்டும். அந்த எண்ணே நோயை முடிவு செய்துவிடாது. பிஎச்க்யூவின் ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது. அதில் பூஜ்யம் தவிர எது இருந்தாலும், மொத்த மதிப்பெண் எவ்வளவாக இருந்தாலும், அன்றே பேசுங்கள். இந்தத் தாள் இன்டர்னல் மார்க் போடுபவர் கைக்குப் போகக் கூடாது. போனால் எல்லாப் பிள்ளைகளும் எல்லாவற்றுக்கும் பூஜ்யம்தான் போடுவார்கள், கல்லூரியும் எல்லாரும் நலம் என்று நம்பிவிடும்.

“சாகணும்னு தோணுதா?” என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமென்றால் அவளைத் தனியே விடாதீர்கள், மருந்து அலமாரிச் சாவியை அவள் பொறுப்பிலிருந்து எடுத்துவிடுங்கள், அன்றே பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். அரசின் டெலி மனாஸ் மனநல உதவி எண் 14416 இலவசம், இருபத்து நாலு மணி நேரமும் தமிழில் பேசலாம். நம்பரை எழுதிக் கொடுத்தால் அது நோட்டுக்குள்ளேயே கிடக்கும். பக்கத்தில் உட்கார்ந்து முதல் அழைப்பை நீங்களே போட்டுக் கொடுங்கள்.

போஸ்டிங் முடிந்து வகுப்புக்குத் திரும்பிய மூன்றாவது வாரத்தை இப்போதே டைம்டேபிளில் குறித்துவையுங்கள், பேசப் போகும் ட்யூட்டரின் பெயரோடு. வார்டில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத பிள்ளை அந்த வாரம் ஏதோ ஒரு சின்ன மாடல் தேர்வுக்கு உடைந்து அழுவாள். பேச வேண்டிய பட்டியலில் அவள் பெயர் முதலில் இருக்கட்டும்.