தோப்புக்குள் இருக்கும் குட்டி அணை: மழைக்கு முன் நீங்களே சோதிப்பது எப்படி?

தண்டையார்பேட்டையில் வளர்ந்த எனக்கு நீச்சல் பழகக் கிடைத்த இடம் பெரியப்பாவின் தோப்பு. சோழவரத்துக்கு அப்பால் ஒரு சின்ன ஓடையை மறித்து 10 அடி உயரத்துக்கு மண்கரை போட்டிருக்கிறார். கொஞ்சம் மீன், ஞாயிற்றுக்கிழமைக் குளியல், கரையோரம் பிரியாணி. அவ்வளவுதான் அதன் வேலை.

இந்த மாதிரிக் கரையைப் பார்க்க யாரும் வரமாட்டார்கள். 2021-ஆம் ஆண்டு அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கு உரியது. 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவற்றில் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டவையும் அதில் சேரும். நம்முடையது சுமார் 3 மீட்டர்தான். ஆகவே நாமேதான் பார்க்க வேண்டும்.

செப்டம்பர் கடைசியில் ஒரு தடவை, குளம் நிரம்பிய பிறகு ஒரு தடவை. ஒரு லிட்டர் பாட்டில், நீளமான கம்பு, கொத்தனாரின் லெவல் டியூப், ஒரு நோட்டு போதும்.

படி 1: தண்ணீருக்கு முதுகைக் காட்டுங்கள்

போனதும் எல்லோரும் தண்ணீரைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் கரையின் வெளிப்பக்கம் இறங்குங்கள். கரை உடையப்போகிறது என்றால் முதல் சேதி பெரும்பாலும் அங்கேதான் வரும். அடிவாரத்தை ஒட்டி மெதுவாக நடங்கள். சுற்றிலும் புல் காய்ந்திருக்க ஓரிடம் மட்டும் பச்சையாக, கோரை முளைத்து, கால் வைத்தால் சொதசொத என்று இருக்கிறதா? அங்கே கசிவு உண்டு.

மண்கரையில் லேசாகக் கசிவது சகஜம். பயப்பட வேண்டியது அதன் நிறத்துக்கு. தெளிந்த நீர் என்றால் கவனித்தால் போதும். கலங்கி வந்தால் கரைக்குள் இருக்கும் மண்ணை நீர் அரித்துக் கொண்டுவருகிறது என்று அர்த்தம். உள்ளே குழாய் போல ஓட்டை உருவாகிக்கொண்டிருக்கும். கசிவு நீரைப் பாட்டிலில் பிடித்து, நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று எழுதுங்கள். குளத்தில் அன்றைய நீர்மட்டத்தையும் பக்கத்திலேயே குறியுங்கள். போன மாதம் 40 விநாடி ஆனது, அதே நீர்மட்டத்தில் இன்று 15 விநாடியில் நிரம்பினால் பொறியாளர் ஒருவரைக் கூப்பிடும் நேரம் வந்துவிட்டது.

படி 2: வளையும் வேரும்

நண்டு வளை, எலி வளை எல்லாவற்றையும் கம்பால் தட்டிப் பாருங்கள். கையை விடாதீர்கள், உள்ளே யார் குடியிருக்கிறார் என்று தெரியாது. சின்ன வளையைத் தோண்டிவிட்டுக் களிமண்ணை அடுக்கடுக்காக இடித்து நிரப்பலாம். சீமைக் கருவேலங்கன்றைச் சிறிதாக இருக்கும்போதே பிடுங்கிவிடுங்கள். பெரிய மரத்தை மட்டும் அவசரப்பட்டு வெட்டாதீர்கள். வெட்டிய மரத்தின் வேர் மக்கினால் அதுவே தண்ணீருக்கு வழியாகிவிடும்.

படி 3: கரையின் மேல்மட்டம்

லெவல் டியூபில் தண்ணீர் விட்டு, பத்தடிக்கு ஒரு முறை மட்டம் பாருங்கள். எங்கள் கரையில் பைக் ஏறி இறங்கும் இடம் அரையடி தாழ்ந்திருந்தது. கண்ணால் பார்த்தபோது யாருக்குமே தெரியவில்லை. வெள்ளம் மேலேறினால் முதலில் வழியப்போவது அந்த இடம்தான்.

படி 4: கலங்கல் (உபரி நீர் வழியும் வாய்)

எனக்குப் பார்க்க ஒரே ஒரு இடம்தான் கிடைக்கும் என்றால் இதைத்தான் பார்ப்பேன். மண்கரையின் தலைக்கு மேல் தண்ணீர் வழிந்தால் கரை கரைந்து போகும். மிஞ்சிய நீர் கலங்கல் வழியாகத்தான் போக வேண்டும்.

பெரியப்பாவிடம் மீன் குத்தகை எடுத்தவர், மீன் தப்பாமலிருக்கக் கலங்கலின் குறுக்கே வலை கட்டினார். தண்ணீர் இன்னும் கொஞ்சம் நிற்கட்டும் என்று இரண்டு வரி செங்கலும் வைத்தார். 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். ஆகாயத்தாமரை வந்து வலையை அடைத்தது. தண்ணீர் கரைத்தலைக்கு ஒரு சாண் கீழே நின்றபோது பெரியப்பா அரிவாளோடு இறங்கி வலையை அறுத்தார். அறுபது வயசு மனுஷன். அதன்பிறகு மீன் போனால் போகட்டும் என்று விட்டுவிட்டோம். 3,300 மில்லியன் கன அடி பிடிக்கிற புழல் ஏரியிலேயே நிரம்பும் முன் உபரி நீரைத் திறந்து விடுகிறார்கள். நமக்கென்ன இரண்டு வரி செங்கல்?

கலங்கலின் தளத்துக்கும் கரைத்தலைக்கும் குறைந்தது 3 அடி இடைவெளி வையுங்கள். நீர் விழும் இடத்தில் குழி பறித்திருந்தால் கல் நிரப்புங்கள்.

படி 5: மதகும் குளிப்பவர்களும்

மதகைத் திறந்து மூடிப் பாருங்கள். திறந்திருக்கும்போது அந்தப் பக்கம் யாரும் நீந்தக் கூடாது. உறிஞ்சும் விசை ஆளையே இழுத்துவிடும். ஆழத்தைப் பெயின்டில் எழுதி, காற்றடைத்த டியூப் ஒன்றைக் கயிற்றோடு தொங்கவிடுங்கள்.

பழுது பார்க்கக் குளத்தை வடிக்க வேண்டுமானால் நாளுக்கு ஓர் அடி என்ற கணக்கில் இறக்குங்கள். சட்டென்று வடித்தால் ஈரம் ஊறிய உள்சரிவு சரிந்துவிடும்.

படி 6: நிலைமை கைமீறினால்

கலங்கிய கசிவு பெருகினால் வாயில் களிமண்ணை அடைக்காதீர்கள், தண்ணீர் வேறு இடத்தில் பிய்த்துக்கொண்டு வரும். மணலைப் போட்டு அதன்மேல் ஜல்லியைப் பரப்புங்கள்: நீர் வெளியேறட்டும், மண் உள்ளேயே நிற்கட்டும். ஆனால் அதற்கும் முன்னால் ஓடையின் கீழ்ப்பக்கம் இருக்கும் வீடுகளுக்குப் போன் செய்யுங்கள், பிறகு மாவட்டப் பேரிடர் எண் 1077. அந்த வீட்டுக்காரர்களின் எண்களை மழைக்கு முன்பே வாங்கி நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள். எங்கள் நோட்டில் ஏழு எண்கள் இருக்கின்றன.