லோடு ஏறுனா வோல்டேஜ் இறங்குதா? எல்எல்சி-ய இப்படி செட் பண்ணுங்க

ப்ராசசருக்கு பயாஸ்ல 1.35 வோல்ட் வச்சிருப்பீங்க, விண்டோஸ்ல சும்மா இருக்கறப்ப 1.34 காட்டும், சினிபெஞ்ச் (ப்ராசசருக்கு ஃபுல் லோடு குடுக்கற டெஸ்ட்) ஓட்டுனதும் 1.25க்கு வந்துரும், கொஞ்ச நேரத்துல ப்ளூ ஸ்க்ரீன். போர்டு போச்சுன்னு பயப்படாதீங்க. இதுக்குப் பேரு விட்ரூப், இன்டெல்லே வேணும்னு வச்சிருக்கறது. கணக்கு சிம்பிள், லோட்லைன் (கரண்ட் ஏற ஏற வோல்டேஜ் எவ்வளவு இறங்கணும்ங்கற அளவு) 1 மில்லி ஓம்னா ப்ராசசர் 100 ஆம்பியர் இழுக்கறப்ப 0.1 வோல்ட் குறையும். இந்தக் குறைவ எவ்வளவு ஈடு கட்டணும்னு பயாஸ்ல செட் பண்றதுதான் எல்எல்சி, அதாவது லோட்லைன் கேலிப்ரேஷன்.

ஏன் குறைய விடணும்? லோடு பட்டுனு நின்னா விஆர்எம்-ஆல (போர்டுல ப்ராசசருக்கு கரண்ட் குடுக்கற சர்க்யூட்) அந்த நிமிஷமே கரண்ட்ட நிறுத்த முடியாது, வோல்டேஜ் ஒரு குதி குதிக்கும். கீழ இருந்து குதிச்சா பரவால்ல. எல்எல்சி-ய ஃபுல்லா ஏத்தி ட்ரூப்பே இல்லாம பண்ணிட்டா அந்தக் குதி 1.35-ஐத் தாண்டிப் போகும், மைக்ரோசெகண்ட்ல முடிஞ்சிடறதால ஹெச்டபிள்யூஇன்ஃபோ மாதிரி சென்சார் ரீடிங் காட்டற சாஃப்ட்வேர்ல தெரியவே தெரியாது, ஆசிலோஸ்கோப் வச்சாதான் தெரியும். அதனால தயவுசெஞ்சு ட்ரூப்ப பூஜ்யமாக்கப் பாக்காதீங்க.

முதல்ல ப்ராசசர் ஸ்பீட ஃபிக்ஸ் பண்ணிட்டு வோல்டேஜ ஆட்டோல இருந்து எடுத்து மேனுவல்ல வைங்க. எல்எல்சி நடு லெவல். இங்கதான் நிறைய பேரு மாட்டிக்கறாங்க: ஆசுஸ்ல நம்பர் ஏற ஏற எல்எல்சி பலமாகும், எம்எஸ்ஐ, ஏஎஸ்ராக்ல தலைகீழ், 1-தான் ரொம்ப பலமானது. பயாஸ்ல பக்கத்துலயே சின்ன கிராஃப் இருந்தா அத ஒரு தடவ பாத்துக்கங்க.

அப்புறம் சினிபெஞ்ச் ஆர்23-ய 10 நிமிஷம் ஓட்டி, லோடுல வீகோர் (ப்ராசசர் கோர் வோல்டேஜ்) எவ்வளவு நிக்குதுன்னு ஹெச்டபிள்யூஇன்ஃபோல பாத்து எழுதி வைங்க, விஆர் விஅவுட்னு ஒரு ரீடிங் இருந்தா அதையே நம்புங்க. உங்களுக்கு முக்கியம் இந்த லோடு வோல்டேஜ்தான், பயாஸ்ல போட்ட நம்பர் இல்ல. க்ராஷ் ஆனாலோ வீயா (WHEA, விண்டோஸ் பதிவு பண்ற ஹார்டுவேர் எரர்) எரர் வந்தாலோ பயாஸ்ல போட்ட செட் வோல்டேஜ 0.01 வோல்ட் ஏத்தி திரும்ப ஓட்டுங்க, டெம்பரேச்சர் மேலயும் ஒரு கண்ணு இருக்கட்டும்.

செட் வோல்டேஜ் ரொம்ப ஏறிப்போச்சுன்னா மட்டும் எல்எல்சி-ய ஒரு லெவல் கூட்டலாம், ஆனா அதுக்கு முன்னாடியே செட் வோல்டேஜ குறைச்சிடுங்க, இல்லன்னா லோடுல திடீர்னு எகிறிடும். சினிபெஞ்ச் பாஸாகி, கேம் லோடாகறப்பவோ மூடறப்பவோ மட்டும் க்ராஷ் ஆச்சுன்னா எல்எல்சி அதிகமா இருக்கான்னு பாருங்க, ஒரு லெவல் இறக்கி வோல்டேஜ கொஞ்சம் கூட்டிப் பாருங்க.