கொழுந்துக் கணக்கு கிளவுடில்: ஒரு செயலியில் தொடங்கிப் பலவாகப் பிரிப்பது எப்படி

இலங்கையின் தேயிலை மலைகளில், ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் ஒரு வளைவில் சிக்னல் இருக்கும், அடுத்த வளைவில் இருக்காது. பல சேர்வர்கள் சேர்ந்து இயங்கும் அமைப்பைப் படிக்க இது நல்ல இடம். இத்துறையில் புதியவர்கள் ஏமாறும் எண்ணங்களை சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்ற கணினி நிறுவனத்தில் பீட்டர் டொய்ச் பட்டியலிட்டார். அதில் முதலாவது, "நெட்வேர்க்கை நம்பலாம்" என்பது.

கணக்கப்பிள்ளை மலையில் கொழுந்தை நிறுத்து, ஆளின் இலக்கத்தையும் கிலோவையும் போனில் பதிகிறார். மாதக் கடைசியில் அதிலிருந்து சம்பளம் கணக்கிட வேண்டும். இதையே கட்டுவோம்.

படி 1: சேர்வரில் ஒரே செயலி, ஒரே போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். எடுத்த எடுப்பிலேயே பத்தாகப் பிரிக்காதீர்கள். எங்கே பிரிக்க வேண்டும் என்பது ஓடவிட்ட பிறகுதான் தெரியும். ஏ.டபிள்யூ.எஸ். (அமேசானின் கிளவுட் சேவை) என்றால் மும்பை ரீஜன், அதாவது அங்குள்ள சேர்வர் மையங்கள், போதும்.

படி 2: இதுதான் உயிர்நாடி. போன் 18 கிலோவை அனுப்புகிறது, சேர்வரும் எழுதிவிடுகிறது. "கிடைத்தது" என்ற பதில் வருமுன் சிக்னல் போய்விடுகிறது. போன் திரும்ப அனுப்புகிறது, கணக்கில் 36 கிலோ ஏறுகிறது. ஒரே ஆள், ஒரே கிலோ என்றால் இரண்டாவதைத் தள்ளிவிடலாமா? கூடாது. காலைக் கொழுந்தும் அந்திக் கொழுந்தும் உண்மையிலேயே 9 கிலோவாக இருக்கலாம். ஒன்றை அழித்தால் ஒரு தொழிலாளியின் உழைப்பை அழிக்கிறோம்.

ஆகவே "சேமி" பொத்தானை அழுத்தும் கணத்தில் போனிலேயே ஒரு யூ.யூ.ஐ.டி. (வேறெந்தப் பதிவுக்கும் வராத அடையாள இலக்கம்) உருவாக்கி, பதிவை முதலில் போனில் எழுதுங்கள். டேட்டாபேஸில் அதுவே பிரைமரி கீ, அதாவது ஒரே இலக்கத்தில் இரு வரி இருக்க முடியாது. சேர்க்கும் கட்டளையில் "ஒன் கொன்ஃப்ளிக்ட் டூ நத்திங்" (ON CONFLICT DO NOTHING: ஏற்கெனவே இருந்தால் எதுவும் செய்யாதே) போடுங்கள் (போஸ்ட்கிரெஸ் 9.5 முதல் உண்டு). இனி நூறு தடவை அனுப்பினாலும் ஒரே வரிதான்.

படி 3: சம்பளக் கணக்கு ஓடும் நேரத்தில் பதிவுகளை வாங்கும் பகுதி மந்தமானால், அங்கே பிரியுங்கள். நடுவில் எஸ்.க்யூ.எஸ். (ஏ.டபிள்யூ.எஸ்.ஸின் செய்தி வரிசைச் சேவை) வரிசை ஒன்று. வாங்கும் செயலி அதில் போடும், கணக்குச் செயலி எடுக்கும். எடுத்த செய்தி, நீங்கள் மாற்றாவிட்டால், 30 வினாடி மறைந்திருக்கும். வேலை முடித்து அழிக்காவிட்டால் மறுபடி வெளியே வரும். சாதாரண வரிசையில் ஒரே செய்தி இருமுறை வருவதும் நடக்கும். இங்கேயும் அதே ஐ.டி. காப்பாற்றும். செய்திகள் தானாக 4 நாள்தான் நிற்கும். 14 நாளாக மாற்றிவிடுங்கள்.

படி 4: மாற்றங்கள் வரும். ஈரக் கொழுந்துக்குத் தண்ணீர்க் கழிவைப் பதியச் சொல்கிறார்கள் என்று வையுங்கள். கிலோவிலேயே கழித்துவிடாமல் "கழிவு" என்று டேட்டாபேஸ் அட்டவணையில் தனி நிரல் (column) சேருங்கள். எவ்வளவு வெட்டப்பட்டது என்பது கொழுந்தெடுத்தவருக்குத் தெரிந்தாக வேண்டும். நிரலைக் கட்டாயமாக்க வேண்டாம், பழைய பெயர்களையும் மாற்ற வேண்டாம். மலையில் சில போன்களில் இன்னும் பழைய செயலிதான் ஓடும், சேர்வர் இரண்டையும் ஏற்க வேண்டும்.

படி 5: இரு செயலிகளின் லொக்கிலும் (செயலி தான் செய்ததைக் குறித்து வைக்கும் பதிவு) அந்த ஐ.டி.யை எழுதுங்கள். "என் கொழுந்து எங்கே?" என்று கேட்டால் அதைத் தேடினால் போதும்.

படி 2 முடிந்ததும் செய்ய வேண்டிய சோதனை இது. ஒரு பதிவை அனுப்பி, பதில் வருமுன் போனை ஃப்ளைட் மோடில் போடுங்கள். திரும்ப எடுத்து, தானாக அனுப்ப விடுங்கள். டேட்டாபேஸில் ஒரு வரி மட்டும் இருந்தால் படி 3க்குப் போகலாம். இரண்டு இருந்தால் படி 2ஐத் திருத்துங்கள்.